குடிக்கச் சொன்ன இலை

தரங்கம்பாடியில் விசைப்படகு எஞ்சின் இருமினால் ஜெயபாலைக் கூப்பிடுவார்கள். ஜெயபாலே இருமினால் அவர் யாரையும் கூப்பிடமாட்டார்; பட்டறைக்குப் பின்னால் போவார். அங்கே குப்பைமேட்டில் ஊமத்தை மண்டிக் கிடந்தது. அதன் காய்ந்த இலையைச் சுருட்டிப் பற்றவைத்து இழுப்பார். நெஞ்சில் படிந்த டீசல் புகையை இந்தப் புகை விரட்டிவிடும் என்பது அவர் கட்சி.

ஒருமுறை அளவு மிஞ்சிப்போய், மத்தியானம் முழுக்கப் பட்டறைச் சுவரோடு டீசல் விலை பேசிக்கொண்டிருந்தார். சுவர் பதில் சொன்னதாக இன்றும் சாதிப்பார். அன்றிலிருந்து அவர் மனைவி அனுசுயாவுக்கு அந்தச் செடியைக் கண்டால் ஆகாது.

"சிவன் தலையில வைக்கிற பூ. கெடுதலா செய்யும்?"

"சிவன் வெசத்தையே முழுங்கினவரு. நீங்க எஞ்சின் ரிப்பேர் பாக்குறவரு."

மூச்சிரைப்பு உள்ள எவரைக் கண்டாலும் ஜெயபாலுக்குக் கை சும்மா இருக்காது. அப்படித்தான் திருக்கடையூர் ஸ்ரீநிவாசன் மாட்டினார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எமனே உதை வாங்கிய ஊரில் அறுபதாம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஹோமப் புகையில் இழுப்பு வந்துவிடுமோ என்று அவருக்குக் கவலை. கிணற்று மோட்டார் பார்க்கப் போன ஜெயபால், ஒரு பொட்டலம் காய்ந்த இலையை நீட்டினார்.

"மணையில உக்கார்றதுக்கு முன்னாடி இதைக் குடிங்க சார். மூச்சு லேசாயிடும்."

ஜெயபால் தெருவில் பீடியைக் குடிப்பார்கள், சுருட்டைக் குடிப்பார்கள். ஸ்ரீநிவாசன் வீட்டில் காபி குடிப்பார்கள்.

விழாவன்று ஜெயபாலும் அனுசுயாவும் பழத்தட்டோடு மண்டபத்துக்குள் நுழைந்தபோது ஸ்ரீநிவாசன் முன்னால் வரிசை நின்றது. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து, காற்றிலிருந்து நூல் நூலாக எதையோ பிரித்துக்கொண்டிருந்தார். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது.

"அப்பா, குடையை மடக்கிண்டு உள்ள வாங்கோ," என்றார், ஆளில்லாத வாசலைப் பார்த்து.

அப்பா செத்து வெகுகாலம் ஆகிறது. கூட்டம் சிலிர்த்தது. ஒருவர் காலில் விழ, மற்றவர்களும் விழுந்தார்கள். வீடியோக்காரர் கிட்டப் போய்ப் படம் பிடித்தார்.

ஜெயபால் வாத்தியாரின் கண்ணைப் பார்த்தார். கண்பாப்பா விரிந்து, விழி முழுக்கக் கறுப்பாக இருந்தது. தான் பேசிய சுவர் நினைவுக்கு வந்தது. வாத்தியார் மனைவி வாலாம்பாளிடம் ஓடினார்.

"அம்மா, சார் எத்தனை சுருட்டு இழுத்தாரு?"

"சுருட்டா? அவர் பாக்குகூடப் போடமாட்டார். நீங்கதானே குடிக்கச் சொன்னேள்? பொட்டலத்தையே கொதிக்க வச்சு, பனங்கல்கண்டு போட்டுக் குடுத்தேன்."

அடுத்த நிமிடம் காரில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்ன சாப்பிட்டார்?" என்றார். வாலாம்பாளுக்கு அழுகையில் பேச்சு வரவில்லை. விரதம் என்றார் ஒரு உறவினர். அருள் என்றார் இன்னொருவர். அனுசுயா கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"போலீசுக்கு எழுதுவாங்க. பேசாம வாங்க."

திரைக்குப் பின்னால் ஸ்ரீநிவாசனின் மூச்சு, டீசல் தீர்ந்த எஞ்சின் போல விட்டுவிட்டு வந்தது. எஞ்சின் எப்போது நிற்கும் என்று ஜெயபாலுக்குத் தெரியும்.

"ஊமத்தை இலை, டாக்டர். நான்தான் குடுத்தேன்."

வாத்தியார் பிழைத்தார். ஜெயபால் இப்போதும் ஸ்டேஷனுக்கு நடக்கிறார்.

குப்பைமேட்டுச் செடிகளை அவரே பிடுங்கினார். எரிக்கலாம் என்றால் புகை பயம். அதனால் குழி தோண்டிப் புதைத்தார். ஐப்பசி மழைக்கு அங்கேயே முன்னைவிட அடர்த்தியாக முளைத்தது.

இதற்குள் மண்டபத்து வீடியோ ஊர் ஊராகச் சுற்றிவிட்டது. போன வாரம் பட்டறை வாசலில் ஒருவர் பைக்கை நிறுத்தினார்.

"அண்ணே, செத்துப்போன அப்பாவை வரவைக்கிற இலை உங்ககிட்டதான் இருக்காமே?"

"அது வெசம்ங்க. என்மேல கேஸே ஓடுது."

"தெரியும்ணே. கேஸ் போட்டிருக்காங்கன்னா சரக்கு அசல்தானே?"

ஜெயபால் கதவைச் சாத்திக்கொண்டார். பைக் கிளம்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். பட்டறைக்குப் பின்னால் செடி ஒடிகிற சத்தம் கேட்டது.