நான் சொல்லாமல் விட்ட வரி

போன கிழமை எங்கள் தெருவில் கரண்ட் போனது. திரும்பி வந்ததும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தேன். அந்தத் திரி கருகிய வாசனையில் பழைய பயம் ஒன்று திரும்பி வந்துவிட்டது. கரண்டே வந்துவிட்டதே, இந்த வயதில் இன்னும் என்ன பயம் என்பீர்கள். இது வேறு பயம், பத்தொன்பது வயதில் கண்டி மாதா கோயிலில் வந்தது.

ஏழு வயதில் எனக்கு நெருப்புக் காய்ச்சல். பிழைத்தால் பிள்ளையைக் கன்னியர் மடத்துக்குக் கொடுக்கிறேன் என்று அப்பா நேர்ந்துகொண்டார். பாவம், புடவைக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிற மனுஷனிடம் கொடுக்க வேறென்ன இருந்தது? பிழைத்தேன். தட்டெழுத்துப் படித்துக் கந்தோரில் கடிதம் தட்டுகிற வேலையும் கிடைத்த நேரம், தை மாதம் வந்து சேரலாம் என்று மடத்திலிருந்து கடிதம் வந்தது. எனக்குப் போக மனமில்லை. மாட்டேன் என்று சொல்லவும் பயம். அப்பாவுக்கு அல்ல, கடவுளுக்கு. தந்த உயிரைத் திருப்பிக் கேட்டுவிட்டால்?

வேலைக்குப் போகுமுன் அப்பாவும் நானும் காலைப் பூசைக்குப் போவோம். வேதவாசகம் வாசிக்க ஆளுக்கொரு முறை வரும். முன்கூட்டிப் படித்துவிட்டு வா என்று சாமியார் சொல்லாத நாளில்லை, நான் எங்கே கேட்டேன். என் முறையன்று வாசிக்க வாசிக்கத்தான் கதை தெரிந்தது. போரில் வென்றால், வீட்டு வாசலில் முதலில் எதிர்ப்படுவதைப் பலியிடுவதாக ஒருவன் நேர்ந்துகொள்கிறான். ஆடிக்கொண்டு எதிரே வருவது அவன் ஒரே மகள். சொன்னபடி செய்தும் விடுகிறான். கடவுள் வேண்டாம் என்று எங்காவது சொல்கிறாரா என்று வரிவரியாகத் தேடினேன். இல்லை.

முடிவில் 'இது ஆண்டவரின் வாக்கு' என்று வாசித்தவர் சொன்னால்தான் சனம் நன்றி சொல்லும். எனக்கு வாய் வரவில்லை. சனம் காத்திருந்தது. புத்தகத்தை மூடிவிட்டு இறங்கி வந்தேன். பூசை முடிந்து பீடத்து மெழுகுவர்த்திகளை அணைத்த வாசனை வரும்வரை, இடி விழும் என்றே நினைத்தேன்.

வாவிக்கரையில் நடக்கும்போது அப்பா கேட்டார்: "ஏம்மா கடைசி வரிய சொல்லல?"

"பயமா இருந்திச்சுப்பா. அந்தப் புள்ள என்ன தப்பு செஞ்சிச்சு? எனக்கு மடத்துக்குப் போக விருப்பமில்லப்பா."

பஸ் ஸ்டாண்டில் என் பஸ் எது என்று தேடிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் பயந்தான், நேந்தத குடுக்கலன்னா ஆண்டவரு ஒன்ன எடுத்துக்குவாரோன்னு," என்றார். பிறகு, "நீ கந்தோருக்குப் போ. அவரு கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

மடத்துக்கும் அவரே போய்ச் சொன்னார். அந்த வேதப் பக்கம் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான் விளக்கம் கேட்ட சாமியார்கள் எல்லாரும் சுற்றி வளைத்தார்கள்.

அப்பாவின் பயமும் போகவில்லை. இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் நான் தும்மினால் போதும், நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். எரிச்சலாக வரும். அவர் போய் இருபது வருஷம். இப்போது காய்ச்சல் வந்தால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறேன். எனக்காகக் கடவுளுக்குப் பயப்பட ஆளில்லை.