ஜோசையாவின் கல்லைக் கழுவப் போன சனிக்கிழமை

1974 செப்டெம்பர். காலை எட்டேகாலுக்கு ஹோம்புஷ் நிலையத்தில் நானும் என் மாமனார் ஆர்தரும் ரயிலுக்கு நின்றோம். பிளாக்டவுனில் மாறி வின்சர் போக வேண்டும். தூரம் நாற்பத்தைந்து கிலோமீற்றர். இந்த வருடம்தான் வீதிப் பலகைகளில் மைலை எடுத்துவிட்டுக் கிலோமீற்றர் போட்டார்கள். எனக்கு அந்தக் கணக்கைச் சொல்லிப் பார்க்கப் பிடிக்கும். சொன்னேன். ஆர்தர் தண்டவாளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் என்னோடு பேசுவதில்லை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்தவன். பிறகு கட்டட வரைபடம் கீறும் வேலைக்குச் சேர்ந்து, அவருடைய ஒரே மகள் ஜீனைக் கட்டினேன். கலியாணத்துக்கு மனுசன் வரவில்லை. மனைவி இறந்து கண்ணும் மங்கத் தொடங்கியபின், வேறு வழியில்லாமல் எங்கள் சின்ன ஃபிளற்றுக்கு வந்து சேர்ந்தார். மூன்று மாதமாக ஒரே குசினியில் சாப்பிடுகிறோம். என் பக்கத்தில் இருக்கும் உப்பைக்கூட மகளிடம்தான் கேட்பார்.

ஒரு கண் முழுதாய்ப் போய்விட்டது. மற்றதில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. அதுவும் கிறிஸ்மஸ் வரை நிற்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதற்குமுன் ஒருதரம் ஜோசையாவின் கல்லை வாசிக்க வேண்டும் என்று ஆர்தர் கேட்டார். ஜோசையா அவர்களுடைய பரம்பரையில் இந்தக் கங்காரு நாட்டுக்கு முதலில் வந்தவர். கல் என்பது அவருடைய கல்லறைக் கல். கண் மங்கிய பிறகு ஆர்தர் அதை விரலால் தடவித்தான் வாசிப்பாராம். போன வருடம் எழுத்துக்குள் பாசி அடைத்து, விரலுக்குப் பிடிபடவில்லை. ஜீனுக்கு எட்டு மாதம், அவளால் அலைய முடியாது. ஆகவே கல்லைத் துடைக்கவும் ஆளைக் கூட்டிக்கொண்டு போகவும் நான்.

"தண்ணி மட்டும் போதுமெண்டு அப்பா சொல்லுறார்," என்றாள் ஜீன். அவர்கள் பேசியது ஆங்கிலம். என் வாய்க்கு வந்த தமிழில் தருகிறேன்.

நான் அதோடு விட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் பக்கத்து ஃபிளற் பாலனிடம் வாயைக் கொடுத்தேன். அவனும் எங்கள் ஊர்ப் பெடியன்தான்.

"தண்ணியில பாசி போகுமே, மச்சான்? எலுமிச்சம்புளியும் உப்பும் போட்டுத் தேங்காய்த் தும்பால உரஞ்சு. கோயில் கல்லு மாதிரிப் பளிச்செண்டு வரும். கிழவன் உன்னைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சப் போறார்."

சிரித்துக்கொண்டே பின்வளவு மரத்தில் ஆறு பழம் பிடுங்கித் தந்தான். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. அந்த மனுசன் ஒருதரமாவது என்னைப் பார்த்து நல்லது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

ஒன்பது மணிக்குப் பிளாக்டவுனில் டீசல் வண்டிக்கு மாறினோம். குவேக்கர்ஸ் ஹில் தாண்டும்போது இருபக்கமும் புல்வெளி, மாடுகள், தகரக் கொட்டில்கள். அங்கே ஆர்தர் தானாகவே பேசத் தொடங்கினார். என்னிடம் என்று இல்லை, யன்னலைப் பார்த்துத்தான்.

ஜோசையா அமெரிக்காவில், கரோலினாவின் எல்லைக் காட்டில் குடியேறிய ஒரு கமக்காரனின் மகன். அங்கே புரட்சி வந்தபோது பதினாறு வயது. வயல்காரரே துவக்கெடுத்து நின்ற குடிப்படையில் சேர்ந்தான். ஆனால் அரசனுடைய பக்கம். அந்தப் பக்கம் தோற்றது. அயலவர்களே வந்து காணியைப் பறித்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் கொஞ்சக் காலம் வேலை தேடி அலைந்து, கடைசியில் கப்பலேறி இந்த ஆற்றங்கரைக்கு வந்து, காடு வெட்டிச் சோளம் போட்டான். பிறகு ஒருநாளும் திரும்பிப் போகவில்லை.

"அந்தக் காட்டில முந்தியே ஆக்கள் இருக்கேல்லையோ?" என்று கேட்டேன். கேட்டபின் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"இருந்தவை," என்றார் ஆர்தர். "அவையளைத் துரத்தினவையில இவரும் ஒராள். அவையளுக்கு ஒரு கல்லும் இல்லை."

பத்து மணிக்கு வின்சர். ரக்சி எடுத்தோம். ஓட்டுநர் கதைகாரன். "எந்த ஊர்?" என்றான். சிலோன் என்றேன். "நல்ல தேத்தண்ணி," என்றவன், ஆர்தரைப் பார்த்து, "இவர் உங்களுக்கு ஆர்?" என்று கேட்டான்.

"என்ர மகள் வீட்டில இருக்கிறவர்," என்றார் ஆர்தர்.

மூன்று கிலோமீற்றரில், ஆற்றைப் பார்த்தபடி ஒரு சின்னத் தேவாலயம். மரத்தடி வாங்குப் பலகையில் ஆர்தரை இருத்திவிட்டு நான் வாளியோடு போனேன். இடுப்புயர மணற்கல். முகமெல்லாம் சாம்பலும் பச்சையுமாய்ப் பாசி. அங்கொன்று இங்கொன்றாய் எழுத்துத் தெரிந்தது. புளியைப் பிழிந்து, உப்பைத் தூவி, ஊறவிட்டு, தும்பால் உரஞ்சினேன்.

எங்கள் ஊரில் சாமி சிலைகள் கருங்கல். எண்ணெயும் அரப்பும் எலுமிச்சையுமாய்த் தலைமுறை தலைமுறையாகத் தேய்க்கிறார்கள். மூக்கு நுனிகூடத் தேயாது. கல் என்றால் அப்படித்தான் என்று என் கைக்குப் பழக்கம். செத்தவருக்குக் கல் வைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. எரித்து, சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்துவிடுவோம். கல்லறைக் கல்லை நான் தொட்டதே அன்றுதான் முதல்தரம்.

பாசி நன்றாகவே கழன்றது. சந்தோசத்தில் இன்னும் அழுத்தினேன். கல்லின் மேல்தோல் அப்பளம் போல உப்பி, ஒரு கையகலத் துண்டாக என் காலடியில் விழுந்தது. பதறித் தண்ணீரை ஊற்றினேன். ஊற்ற ஊற்ற மிச்சமும் மணலாகக் கரைந்து வழிந்தது. கீழ் மூலையில் ஏதோ ஒரு எழுத்தின் வளைவு மட்டும் மிஞ்சியது. வரைபடக்காரன் நான், பையில் பென்சிலும் தாளும் இருந்தன. முதலில் ஒரு படி எடுத்திருக்கலாம். அந்தப் புத்தி அப்போதுதான் வந்தது. புல்லில் குந்தி அழுதேன்.

பதினொன்றேகாலுக்கு ஆர்தர் தடியை ஊன்றி, பாதையைப் பாதத்தால் தேடிக்கொண்டு தானே வந்தார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் குந்தியிருந்து கையை வைத்துவிட்டார். விரல் இடமிருந்து வலமாகப் போனது. மறுபடி இடப்பக்கத்திலிருந்து தொடங்கியது. கல் மாறிவிட்டதோ என்று கைநீட்டிப் பக்கத்துக் கல்லையும் தொட்டுப் பார்த்தார்.

"இது அவற்ர கல்தானே?"

"ஓம். நான் பழுதாக்கிப் போட்டன்."

"தண்ணியாலதானே கழுவினீர்?"

"எலுமிச்சம்புளி. உப்பு."

"ஏன்?"

"வடிவா வரவேணுமெண்டு. நீங்கள் சந்தோசப்படுவியள் எண்டு."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். கையை எடுக்காமலே வெகுநேரம் குந்தியிருந்தார். "எழுதியிருந்ததெல்லாம் எனக்கு மனப்பாடம்," என்றார் கடைசியில். "ஆனா பாடமா இருக்கிறது வேற. விரலில படுறது வேற."

ஒன்றரை மணி வண்டியில் திரும்பினோம். பிளாக்டவுனில் அடுத்த வண்டிக்காக வாங்கில் இருந்தபோது, எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். கல் இல்லை, ஆனால் திவசத்தில் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்லித் தண்ணீர் விடுவோம் என்றேன். ஆறுதலாகச் சொன்னேனோ, தப்பிக்கச் சொன்னேனோ தெரியாது.

"நாலாவது ஆள்?"

"அவரை விட்டிடுவம்."

"அப்ப எல்லாரும்தான் அழிஞ்சு போகினம்," என்றார்.

அது உண்மைதான். என் பூட்டனுக்கு முந்தியவரின் பெயர் எனக்கே தெரியாது, தெரியவில்லையே என்று ஒருநாளும் வருந்தியதும் இல்லை. இவர் ஐந்து தலைமுறைக்கு அப்பாலுள்ள ஒரு மனுசனை விரல் நுனியில் வைத்திருந்தார். நான் அதைக் கழுவிவிட்டேன்.

மூன்றரைக்கு ஹோம்புஷ். ஜீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"அப்பா, வாசிச்சனீங்களோ?"

சொல்லிவிடுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஓம், பிள்ளை. ஒவ்வொரு எழுத்தும். உன்ர மனுசன் நல்லாத் துடைச்சுத் தந்தவர்."

ஜீன் என் கையைப் பிடித்தாள். கண் நிறைந்திருந்தது. "குழந்தை பிறந்தாப் பிறகு அதையும் தூக்கிக்கொண்டு போவம், அப்பா. அதின்ர சின்ன விரலைப் பிடிச்சு நீங்களே அந்தப் பேரில வச்சு விடுங்கோ."

"ஓம், போவம்," என்றார் ஆர்தர். கோட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, சுவரைத் தடவித் தடவித் தன் அறைக்குப் போனார்.