பழைய இரும்புப் படிவத்தில் என் பிறப்பிடம்

விதி தெளிவாகவே இருக்கிறது. பழைய இரும்பு ஏற்றிவரும் லாரி நுழையும்போது ஆலை வாசலில் உள்ள கதிர்வீச்சு மணி ஒலித்தால், காரணமான பொருளைப் பிரித்துத் தனியே வைக்க வேண்டும். அரசு மேலிடத்திலிருந்து எழுத்துமூலம் பதில் வரும்வரை பொருள் இடம் மாறக் கூடாது, ஓட்டுநரின் நுழைவு அட்டையும் திரும்பாது. பதில் ஏழு வேலைநாட்களுக்குள் வர வேண்டும். குறை சொல்ல இடமில்லை. ஜெர்மனியில் ஆய்வகப் பாதுகாப்புக் குழுவில் இருந்த காலத்தில் இதைவிடக் கறாரான விதிகளை நானே எழுதியிருக்கிறேன். பொருள் என்பது மனிதனாகவும் இருக்கலாம் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை.

என் தொழிலை ஆரணி உறவினர்களுக்கு இப்படித்தான் சொல்வேன்: ஆன்டிபாடி என்பது புற்றுநோய்ச் செல்லின் முகவரி தெரிந்த தபால்காரர். அவர் பையில் லுட்டீசியம் என்ற கதிரியக்கத் தனிமத்தை, ஒரு சின்ன வெடி மாதிரி, வைத்து அனுப்புகிறோம். வெடி வழியில் விழாமலிருக்கப் பையின் முடிச்சைச் சரிசெய்வதிலேயே என் முப்பது வருடங்கள் போயின. ஓய்வுபெற்றதும் என் புராஸ்டேட் சுரப்பிக்கே புற்றுநோய் வந்தது. அந்த முடிச்சுப் போட்ட மருந்தையே எனக்கு ஏற்றினார்கள். என் உடம்பிலிருந்து கதிர்வீச்சு வருமென்று வார்டில் எல்லோரும் இரண்டு மீட்டர் தள்ளி நின்றார்கள். ஜெர்மனியில் அதற்குத் தனி முயற்சி எதுவும் தேவைப்படவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது செவிலியர் ‘ஆவுஸ்வைஸ்’ என்ற அடையாள அட்டை கொடுத்து, எங்காவது மணி ஒலித்தால் இதைக் காட்டுங்கள் என்றார். எங்கே ஒலிக்கப் போகிறது என்று நினைத்தேன். விமான நிலையத்திலும் ஒலிக்கவில்லை.

கார்த்திகை முதல் வாரம் ஆரணியில் தம்பி வீட்டுக்கு வந்திருந்தேன். எதிர்வீட்டு ஏழுமலை சொந்த லாரியில் கும்மிடிப்பூண்டி உருக்காலை ஒன்றுக்குப் பழைய இரும்பு ஏற்றிப் போகிறவர். ஒருநாள் நானும் முன் இருக்கையில் ஏறிக்கொண்டேன். நாற்பது வருடங்களுக்கு முன் வேதியியல் பட்டத்தோடு அந்தத் தொழிற்பேட்டையில் வாசல் வாசலாக நின்றிருக்கிறேன். ஒரு வாசலும் என்னைக் கண்டுகொண்டதில்லை. இந்த முறை வாசல் அலறியது.

“இன்னாபா ஏத்திக்கினு வந்துகீற?” என்று ஆலை வாசல் காவல் அதிகாரி ஓடிவந்தார்.

“வெறும் கம்பி, பழைய பம்புசெட்டு சார். சத்தியமா!” ஏழுமலைக்கு வியர்த்துவிட்டது.

நான் இறங்கி நின்றேன். லாரி மட்டும் போனபோது மணி வாயைத் திறக்கவில்லை. நான் நடந்தேன், அலறியது. சந்தேகம் தீர மூன்று முறை நடக்கவிட்டார்கள்.

“இன்னா சார், ஏர்போர்ட்டுல வுட்டுட்டானுங்க, எங்கூட வந்து மாட்டிக்கினீங்களே!” என்றார் ஏழுமலை.

அட்டையை நீட்டினேன். அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இங்கிலீசு மாரி கீது, ஆனா இங்கிலீசு இல்லியே.” பிறகு படிவத்தை எடுத்தார். பொருளின் வகை: மனிதன். எடைக்கு லாரி எடைமேடையில் நிறுத்தினார்கள். அது இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணும்; எனக்கு அறுபது என்று தீர்ப்பளித்தது. அடுத்த கட்டம், பிறப்பிடம்.

“உடம்பு ஆரணி. லுட்டீசியம் ஜெர்மனி” என்றேன்.

“ஒரு கட்டத்துல ரெண்டு ஊரு எழுத முடியாது சார்.”

“ஆரணின்னே போடு சார். நம்ம ஆளு அவரு.”

“ஆரணி மணியடிக்காது ஏழுமலை,” என்று சொல்லி அதிகாரி ஜெர்மனி என்று எழுதினார். பொருள் வைக்கப்பட்டுள்ள இடம்: தம்பி வீடு. ஏழுமலையின் நுழைவு அட்டை அவர் மேசை இழுப்பறைக்குள் போனது.

அட்டை இல்லாமல் அந்தப் பேட்டையில் எந்த ஆலையும் கதவு திறக்காது. லாரி எதிர்வீட்டு வாசலிலேயே நின்றது. “மணியடிச்சவரு ஊட்டுக்குள்ள, அடிக்காத லாரி தெருவுல. நல்ல நாயம்!” என்று ஏழுமலையின் மனைவி, எனக்குக் கேட்கும்படி, லாரியிடம் சொல்வார். ஆனால் பணியாரம் செய்தால் எனக்கும் ஒரு தட்டு வரும். இரண்டு மீட்டர் தூரத்தை அந்தத் தெருவில் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஏழு வேலைநாட்கள் முடிந்ததும் மேலிடத்துக்கு நினைவூட்டல் எழுதினேன். அதற்குப் பிறகு வாரம் ஒன்று. இதற்கிடையில் அடுத்த ஊசிக்கு நாள் நெருங்கியது. நான் விமானம் ஏறினால், தனியே வைத்த பொருளைத் தொலைத்தவர் ஏழுமலை என்றாகும். ஊசியைத் தள்ளிப்போட்டேன். ஜெர்மன் மருத்துவர் காரணம் கேட்டார். எழுதினேன். அவர் மொழிபெயர்ப்புப் பிழை என்று எண்ணி மறுபடி கேட்டார்.

“சார், பேஜாரா கீது. நீங்க போய் ஊசியப் போட்டுக்கங்க, நான் சமாளிச்சுக்கறேன்,” என்றார் ஏழுமலை ஒருநாள், லாரி டயரைப் பார்த்தபடி. நான் போகவில்லை. லுட்டீசியம் ஆறரை நாளுக்கு ஒருமுறை பாதியாகும். கோப்பு அப்படியே இருந்தது.

ஒன்பது முறை பாதியான பிறகு பதில் வந்தது. இரண்டே வரி: ஓட்டுநர் மீது தவறில்லை, அட்டையைத் திருப்பித் தரலாம். பொருளை அது பிறந்த நாட்டுக்கே அனுப்பிவிட வேண்டும். அனுப்பும்முன் சரிபார்க்க அதிகாரி என்னை வாசலில் நடக்கவிட்டார். மணி வாயைத் திறக்கவில்லை. “அடிக்கலியே! இப்ப நான் எத்த ஜெர்மனிக்கு அனுப்பறது?” என்று கவலைப்பட்டார். ஏழுமலை அட்டையைச் சட்டைப்பையில் வைத்து இரண்டு முறை தட்டிப் பார்த்துக்கொண்டார். “அடுத்த ஊசி போட்டுக்கினு வாங்க சார். வாசலாண்ட மட்டும் எறங்கி நடந்துடுங்க,” என்றார். லாரி உள்ளே போனது. ஜெர்மனிக்குத் திருப்பி அனுப்பப்பட வேண்டிய நான், மணியடிக்காத வெறும் ஆரணிக்காரனாக, கதவுக்கு வெளியே நின்றேன். ஏழு வேலைநாட்களில் வந்திருக்க வேண்டிய பதில் வந்து சேர்ந்த தேதியைக் குறித்துக்கொண்டேன்: மாட்டுப் பொங்கல், அரசு விடுமுறை.