தறி நின்றது கேட்கவில்லை

திருப்பதி கம்பெனி வேலையை நகரியில் எங்கள் வீட்டிலிருந்தே செய்கிறேன். பக்கத்து அறையில் அப்பாவின் விசைத்தறி ஓயாமல் இரையும்; நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். மீட்டிங்கில் அந்த இரைச்சல் கேட்கிறது என்று மேனேஜர் சலித்துக்கொண்டார். வெளிச்சத்தம் அவருக்கும் எனக்கும் கேட்காமல் அடைத்துவிடும் இயர்பட்ஸ் வாங்கினேன்.

"இத மாட்டிக்கினா தறி ஓடறதே தெரியாதா?" என்று நைனா சிரித்தார்.

தறிக்காரர் வீட்டில் சத்தத்துக்கு யாரும் எழமாட்டோம். சத்தம் நின்றால்தான் என்னவோ ஏதோ என்று ஓடுவோம்.

அன்று மீட்டிங் முடிந்து இயர்பட்ஸைக் கழற்றினேன். வீடே அமைதியாக இருந்தது. தறியை நிறுத்திவிட்டு அதன் அடியிலேயே நைனா சரிந்து கிடந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது.

கடைக்குப் போய்த் திரும்பிய அம்மா கேட்டாள்: "தறி நின்னுச்சே, ஊட்லதானேடா இருந்த?"

இப்போது பக்கத்து வீட்டுத் தறி நின்றாலும் எழுந்து ஓடுகிறேன். பாதி வழியில்தான் நைனா இல்லை என்பது ஞாபகம் வருகிறது.