டி-யிலிருந்து ஈ-க்கு

அலுவலகத்தில் அவருக்கு லேபிள்காரர் என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடும் கணினிகளுக்குப் பேக்கப், அதாவது காப்பு நகல், எடுப்பதுதான் வேலை. டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதிக்கும் ‘கடிதம்’, ‘வரைபடம்’ என்று லேபிளாக ஒரு பெயர் கொடுத்து, அந்தப் பெயரைத் திரையில் பார்த்த பிறகுதான் விசைப்பலகையில் கை வைப்பார். “கம்ப்யூட்டர் குடுக்கிற சி, டி, ஈ-ங்கிற எழுத்த மட்டும் நம்பாதீங்க. இன்னைக்கு ஒருத்தன்கிட்ட இருக்கும், நாளைக்கு இன்னொருத்தன்கிட்ட போயிடும்” என்று அவர் சொல்லிச் சொல்லியே சக ஊழியர்களுக்குக் காது புளித்துவிட்டது.

சொன்னதில் தப்பில்லை. டாஸ் எழுந்ததும் ஒவ்வொரு டிஸ்க்கின் முதல் பகுதிக்கும் முதலில் எழுத்து கொடுக்கும். மற்றப் பகுதிகளுக்கு மிச்சம்தான். புது டிஸ்க்கை மாட்டினால் அது நேரே வந்து டி-யில் உட்கார்ந்துகொள்ளும். அதுவரை டி-யாக இருந்தது ஈ-க்குத் தள்ளப்படும்.

வீட்டுக் கணினியில் இருந்த ஒரே டிஸ்க்கில் முதல் பகுதி சி, இரண்டாவதான டி மனைவியுடையது. நோயோடு இருந்த எட்டு மாதமும் முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டே இருந்தாள். எட்டிப் பார்த்தால் திரையைக் கையால் மறைப்பாள். ஒரே ஒரு நாள் அவளாகவே, “படிச்சுக் காட்டட்டுமா?” என்றாள்.

“முதல்ல எழுதி முடி. பேக்கப் எடுத்துட்டு நிதானமா படிக்கிறேன்.”

மனிதருக்கு அப்போதும் பேக்கப்தான். அவள் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

அவள் போய் மூன்று வாரம் கழித்து, அவள் எழுதியதைப் பேக்கப் எடுக்க, கடைக்காரரே பகுதி பிரித்துக் கொடுத்த புது டிஸ்க் ஒன்றை வாங்கி வந்து மாட்டினார். ஊரார் டிஸ்க்குக்கெல்லாம் பெயர் வைத்தவர் வீட்டு டிஸ்க்குக்கு வைக்கவில்லை. சி-யை விட்டால் இருப்பது அவளுடைய டி ஒன்றுதான், அதற்கு எதற்குப் பெயர் என்று விட்டிருந்தார். கண் கலங்கிக் கிடந்தது. கை பழக்கத்தில் டி-யிலிருந்து ஈ-க்கு என்று அடித்தது. ஈ-யில் உள்ளது முழுவதும் அழியும், சம்மதமா என்று கணினி கேட்டது. புது டிஸ்க்கில் அழிய என்ன இருக்கிறது? ஆம் என்பதற்கு ஒய் தட்டினார்.

நகல் முடிந்ததும், அவள் எழுதியதைப் படிக்க நாற்காலியை இழுத்துப் போட்டார். டி காலி. ஈ-யைத் திறந்தார், அதுவும் காலி. டி-யில் வந்து உட்கார்ந்திருந்த வெற்று டிஸ்க்கை, ஈ-க்குத் தள்ளப்பட்டிருந்த அவள் எழுத்தின் மேல் ஒரு மூலை விடாமல் நகலெடுத்திருந்தார். என்ன நடந்தது என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாய்விட்டு அழுதார்.

சாயங்காலம் வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாள். அம்மா என்ன எழுதியிருந்தாள் என்று கேட்டாள்.

“அன்னைக்கே படிச்சுக் காட்டட்டுமான்னு கேட்டாம்மா,” என்றார். “நான்தான் உக்காந்து கேக்கல.”