கோட்டைப் பிரபுவின் மனைவியும் என் மனைவியும்

முதலில் தலையிடி, பிறகு காய்ச்சல். புலம்பெயர்ந்து வந்த ஹோர்சன்ஸ் நகரில் நான் வேலை செய்யும் களஞ்சியத்தில் பெட்டிகளின் எண்களை வாசிக்க முடியாமல் போனபோது அம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். மூளையழற்சி (கிருமியால் மூளை வீங்குவது) என்றார்கள்.

காய்ச்சல் விட்டபின் டொக்டர் என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். தடங்கலின்றிச் சொன்னேன். ஊரில் சண்டை. கப்பலில் தப்பினேன். வழியில் பிடித்து இங்கே அடைத்துவிட்டார்கள். மனைவியை அங்கே சிறை வைத்திருக்கிறார்கள். டொக்டர் தலையசைத்து எழுதிக்கொண்டார். இலங்கைத் தமிழன் சொன்னால் இதில் எதைச் சந்தேகிப்பது?

ஊரில் சண்டை என்பது மட்டுமே என் கதை. மற்றதெல்லாம் ஸ்கொட்லாந்துப் பிரபு ஒருவருடையது. அந்தக் காலத்தில் இங்குள்ள கோட்டையொன்றில் சிறையிருந்து செத்தவர். அவர் மனைவி ஓர் அரசி. பிரிந்தபின் இருவரும் சந்திக்கவேயில்லை. கோடை விடுமுறையில் அந்தக் கோட்டையைப் பார்க்கப் போனபோது கேட்ட கதை. எனக்கு வந்தது இட்டுநிரப்பல் (மறந்த இடத்தை மூளை வேறு கதையால் நிரப்புவது). என் மூளைக்குக் கொழுப்பு, நேரே பிரபு வீட்டுக்கே போயிருக்கிறது.

அப்போது சிரிப்பு வரவில்லை. கட்டிலருகே இருந்த பெண்ணைத் தாதி என்றே நினைத்தேன்.

"பிள்ளை, என்ரை மனிசியைப் பற்றி ஏதும் சேதி வந்ததோ?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான்தான் உங்கடை மனிசி."

"இல்லைப் பிள்ளை. அவவை அடைச்சு வைச்சிருக்கினம்."

"ஆர்?"

சொல்லத் தெரியாமல் அழுதேன். அவள் டொக்டரைத் தேடிப் போனாள். "இவர் பிளேனிலை வந்தவர், நானும் இஞ்சைதானே நிக்கிறன்" என்று அவரிடம் சொன்னதாகப் பிறகு அறிந்தேன். டொக்டரின் முகம் சிவந்துவிட்டதாம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் வாதாடாதீர்கள். அவள் வாதாடவில்லை. ஆனால் ஒருநாள் நான் மருந்தைத் துப்பியபோது, "இஞ்சாருங்கோ, எனக்கு விசர் வரப்போகுது" என்றாள். அந்தக் கோபம் எனக்கு நன்றாகத் தெரிந்த கோபம். சிறையில் இருப்பவளின் கோபம் இவளுக்கு எப்படி வந்தது? அதையே யோசித்துக்கொண்டு மருந்தை விழுங்கினேன். பின்னேரம் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

இப்போது நடக்கிறேன், வாசிக்கிறேன். இடது கை மட்டும் சொன்னதைச் சற்றுப் பிந்திக் கேட்கிறது. ஆனால் காலையில் கண் விழிக்கும்போது எந்த நாடு, எந்தக் காலம் என்று பிடிபடுவதில்லை. மனைவியை இழந்தவனாகவே விழிக்கிறேன். உடம்பு கல்லாகக் கிடக்கும்.

"எழும்பிட்டீங்களோ?" என்பாள் குசினியிலிருந்து.

"ஓம், வாறன்."

கோட்டைச் சிறையில் அந்தப் பிரபுவை யாரும் இப்படிக் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். அவருக்காகவும் கொஞ்சம் அழுதுவிட்டுத்தான் பல் துலக்கப் போகிறேன்.