டிக் விழாத பதினோரு பக்கங்கள்

ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது ஆக்னஸின் கணவர் சேவியர் போன் செய்தார். "சார், ஆக்னஸ் போயிட்டா. காலைல ஆறு மணிக்கு." என்ன சொன்னேன் என்று நினைவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

நம் வாசகர் வட்டத்தில் அவரை அறியாதவர் இல்லை. மன்னார்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, மாதம் ஒரு ஞாயிறு ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு மாடிக்கு வருவார். ஒரே பிரதியை எட்டுப் பேரும் சுற்றுக்கு விட்டுப் படிப்பது நம் வழக்கம். எந்தப் பக்கத்தில் அழுதோம் என்பதைப் பின்னட்டையின் உள்பக்கத்தில் பெயரோடு எழுதும் பழக்கத்தைக் கொண்டுவந்தவர் ஆக்னஸ். "அழுததை மறைக்கிறவங்க கதையைப் பத்தியும் பொய்தான் சொல்வாங்க" என்பார். அந்தப் பட்டியலில் என் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. அதில் எனக்கு ஓர் அசட்டுப் பெருமை வேறு.

கடைசியாகச் சுற்றுக்கு விட்டது, நோயில் விழுந்த பதினாறு வயதுப் பெண்ணைப் பற்றிய இளையோர் நாவல். கூட்டத்தில் ஆளாளுக்குக் கண்ணைத் துடைத்தீர்கள். ஆக்னஸ் மட்டும் இன்னும் படிக்கவில்லை. அவர் படிக்கும்வரை முடிவைச் சொல்லக் கூடாது என்பது விதி. எனக்கோ எரிச்சல். "ஸ்கூல் பசங்க கதைக்கு இவ்வளவு அழுகையா? அந்தப் பொண்ணு செத்துப்போகுது, அவ்வளவுதானே" என்றேன். எல்லோரும் என்னை ஒருமாதிரி பார்த்தீர்கள். விதியை மீறியதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"சரிங்க சார், நானும் படிச்சுப் பார்க்கிறேன்" என்று ஆக்னஸ் புத்தகத்தைப் பைக்குள் வைத்தார்.

அவருக்குப் புற்றுநோய் என்பது அடுத்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நேரில் போய் மன்னிப்புக் கேட்கத் தைரியம் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று நான்கு மாதம் ஓடிவிட்டது. நான் கோழை, வேறென்ன.

அடக்கம் முடிந்ததும் சேவியர் அந்தப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். "சாருக்குத்தான் தரணும்னு சொல்லிட்டுப் போனா."

படித்து முடித்த பக்கத்தின் அடியில் பென்சிலால் டிக் போடுவது என் கணக்குத் தணிக்கை அலுவலகப் பழக்கம். 201ஆம் பக்கத்தில் என் டிக்குக்குக் கீழே ஆக்னஸின் கையெழுத்து: "சார், இங்கேயே நிறுத்திட்டீங்க. மிச்சம் பதினோரு பக்கத்துல ஒரு டிக்கும் இல்லை. அவ பொழைச்சுக்கிறா சார். போய்ப் படிங்க."

உண்மைதான். தன் பள்ளிச் சீருடையைத் தங்கைக்கு அளவாகத் தைத்துவிடச் சொல்லி அந்தப் பெண் அம்மாவிடம் கொடுக்கும் இடம் அது. அழுகை தாங்காமல் மூடிவைத்துவிட்டு, முழுவதும் படித்தவன் போல உங்கள் முன் உட்கார்ந்திருந்தேன்.

பின்னட்டையைத் திருப்பினேன். பட்டியலில் 201 என்று எழுதி, எதிரே பெயருக்கு இடம் விட்டிருந்தார். அதற்குக் கீழே 212, ஆக்னஸ். அந்தப் பெண் குணமாகி வீடு திரும்பும் பக்கம் அது.

மீதியைப் படித்து முடித்து, அவர் விட்டிருந்த இடத்தில் என் பெயரை எழுதினேன். நம் வழக்கப்படி புத்தகம் வட்டத்து அலமாரிக்குத் திரும்ப வேண்டும். இதை நான் தர மாட்டேன். மன்னித்துவிடுங்கள்.